காது நறுங்கியது

நாயைப் படமெடுக்க நிற்கக் கூடாது.
தரையில் குப்புறப் படுக்க வேண்டும்,
மூக்குக்கு நேரே மூக்கு.
இதைக் கற்றுக்கொள்ள எனக்குப்
பதினோரு வருடக் கல்யாண ஆல்பங்களும்
குளச்சலில் ஒரு கடியும் ஆயின.

கடித்தவன் பெயர் ரேடியோ.
லூர்துமிக்கேலின் வள்ளம் கரையேறும்போது மட்டும்
குரைப்பான்.
மற்ற நேரமெல்லாம் அணைத்துப் போட்டதுபோல் கிடப்பான்.
நான் வருகிறேன் என்று
சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிச்
சிவப்பு ரிப்பன் கட்டி இருத்தியிருந்தார்கள்.
நாற்பது படம் எடுத்தேன்,
நாற்பதிலும் யாரோ ஒருவருடைய நாய்.
ரிப்பனை அவிழ்க்கலாம் என்று கை நீட்டியதுதான்.
மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு
படுத்தபடி எடுத்த நாற்பத்தொன்றாவதில்
அவன் வந்துவிட்டான்:
வாயில் ரிப்பன்,
ஒரு கண் என்மேல்,
ஒரு கண் கடல்மேல்.

அன்றிலிருந்து சட்டைப் பையில்
நெத்திலிக் கருவாடு வைத்திருக்கிறேன்.
பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
மார்த்தாண்டம் வரை காலியாகவே வருகிறது.

தக்கலையில் பென்சிகர் சார் வீட்டுப் பூச்சைக்கு
பிளாரன்ஸ் என்று பெயர்.
வெள்ளை உடம்பு.
மூக்குக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும்
காப்பி குடித்துத் துடைக்க மறந்த மீசை.
இடது காதின் நுனி நறுங்கியிருந்தது.
"இவ ஒரு பாவம். சத்தமே கேக்காது.
மீனு வச்சாலும் தள்ளி இருந்துதான் பாப்பா"
என்றார் மெர்சி டீச்சர்.
உண்மைதான்.
தையல் மிஷின்மேல் ஏறி
வாலால் கால்களை மூடிக்கொண்டு
சன்னலுக்கு வெளியே சாரலைப் பார்த்தது.
ஒரே கிளிக்.
ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு
நேரத்தோடு வந்து இருக்கிற முகம்.

ஒன்பதாம் நாள், இரண்டு தெரு தள்ளி,
பீருக்கண்ணு வீடு.
அடுக்களையில் சாளை பொரிந்துகொண்டிருந்தது.
"சுல்தான் ஒரு எடத்துல நிக்கமாட்டான் கேட்டீரா,
பெரிய சட்டம்பி" என்று அவர் சொல்லி முடிக்குமுன்
மதிலிலிருந்து ஓட்டுக்கும்
ஓட்டிலிருந்து அம்மிக்கும் தாவி வந்தது
காப்பி மீசை.
இடது காது.

அது என்னைப் பார்த்தது.
நான் அதைப் பார்த்தேன்.
இருவருமே ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சுல்தான் வேலையைத் தொடங்கினான்.
ஒரு சாளைத் தலை,
ரகுமத்தின் தாவணி நுனி,
என் லென்ஸ் மூடி,
கடைசியில் என் சட்டைப் பை.
எடுத்ததெல்லாம் நகம், பல், கலங்கிப்போன வால்.
ஒன்றில் மட்டும்
வாய் திறந்து பீருக்கண்ணுவைத் திட்டிக்கொண்டிருந்தான்,
அவரும் குனிந்து பதிலுக்கு.
இரண்டு முகத்திலும் ஒரே கோபம்,
ஒரே கொண்டாட்டம்.

இரவில் இரண்டு படத்தையும்
திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.
எது வேஷம் என்று
பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணுக்குள் போனேன்.
ஒரு கண்ணில் மழைச் சன்னல் இருந்தது.
மற்றதில் அடுப்புத் தீ.
வேறொன்றும் இல்லை.
நான் வீட்டில் பேசுவதே இல்லை என்கிறாள் மனைவி.
கடையில் வாய் மூடுவதே இல்லை என்கிறான்
பிரிண்ட் போடும் பையன்.

சனிக்கிழமை கடையில்
படம் வாங்க வந்த பீருக்கண்ணு
மேசைமேல் கிடந்த பிளாரன்ஸைக் கையில் எடுத்தார்.
"இது யாரு வீட்டுப் பூச்சை?
என்ன அடக்கமாட்டு இருக்கு!
நமக்கும் வாய்ச்சிருக்கே ஒண்ணு."
காதைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.
பார்த்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்
கிட்டத்தில் வைத்தும் பார்த்தார்.

"பாவம், காதைக் கடிச்சுப் பிச்சிருக்கான்.
எங்க ஆளாத்தான் இருக்கும்.
அவங்க வந்தா
நான் மாப்பு கேட்டேன்னு சொல்லும்."

சொல்கிறேன் என்றேன்.